ஸ்வீடனில் ‘நீ’ என்றால் நீங்கள்

கோதன்பர்க் வந்த மூன்றாம் மாதம் மகளின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பருவத்துக்கு ஒரு முறையாவது ஆசிரியர், பெற்றோர், பிள்ளை மூவரும் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது இங்கே சட்டம். வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். கோயில் மாதிரி இருக்கிறதே என்று மனது கொஞ்சம் நிம்மதியானது. அந்த நிம்மதியில் “குட் ஆஃப்டர்நூன் மேடம்” என்று கும்பிடாத குறையாகச் சொன்னேன். அவர் சிரித்து, தன் பெயரைச் சொல்லி, அப்படியே கூப்பிடுங்கள் என்றார். அந்தப் பெயரை இங்கே எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை. டீச்சர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஏழு வயது மகள் அவரைப் பெயர் சொல்லி அழைத்து, பாதி ஸ்வீடிஷும் பாதி ஆங்கிலமுமாக ஒரு புகார் சொன்னாள். என் காதில் அது ‘கணக்குல நீ ரொம்ப வேகமா போற’ என்றுதான் விழுந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. டீச்சர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

ஓய்வு பெறப்போகும் வயதில் ஆபீசில் ஒருவர் இருக்கிறார். அவர் சிறுவனாக இருந்தபோது டீச்சரை ‘ஃப்ரோக்கென்’ என்பார்களாம், நம்ம ஊர் ‘மிஸ்’ மாதிரி. பெரியவர்களிடம் பேசுவது அதைவிடச் சிக்கல். எதிரில் இருக்கும் டாக்டரிடமே “டாக்டர் காபி குடிப்பாரா?” என்று படர்க்கையில் கேட்க வேண்டும். பட்டம் தெரியாத ஆளிடம் வாயைத் திறப்பதே பாடு. மரியாதைப் பன்மை என்று ஒரு சொல் இருந்தது. அது நம் காதுக்கு அப்படியே ‘நீ’ என்று கேட்கும்! ஆனால் அதைத் தனக்குக் கீழே இருப்பவரிடம் சொல்வது என்று பலர் நினைத்ததால், அதுவும் உதவவில்லை. 1967-ல் ப்ரூர் ரெக்செட் என்பவர் நாட்டின் மருத்துவத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றபோது, ஊழியர்கள் எல்லோரையும் ‘டூ’ (நம் ஒருமை ‘நீ’ மாதிரி) என்றே அழைப்பேன், என்னையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று அறிவித்தார். வழக்கம் அதற்கு முன்பே மாறத் தொடங்கியிருந்தாலும் இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். பள்ளிகளும் மாறின. மன்னரிடம் மட்டும் இன்னும் ‘மன்னர் என்ன நினைக்கிறார்’ என்று அவரிடமே கேட்கிறார்கள்.

சின்ன வயதில் சண்டை போட்டால் நாங்கள் ‘டூ’ விடுவோம். இங்கே ஒட்டிக்கொள்வதற்கு ‘டூ’!

சரி, அவர்களிடம் உருப்படியான ‘நீங்கள்’ இல்லை, தூக்கிப் போட்டார்கள். நமக்கு இருக்கிறதே. எனக்குப் பிரச்சினை வந்தது பள்ளியில் இல்லை, வீட்டில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் பாளையங்கோட்டைக்கு வீடியோ காலில் பேசினாள். டீச்சர் பெயரைச் சொல்லி, “அவ சொன்னா ஆச்சி, காட்டுக்குக் கூட்டிட்டுப் போறாளாம்” என்றாள். அம்மா முப்பது வருடம் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். “யாருட்டி அது, உன்கூடப் படிக்கிற பிள்ளையா?” என்றார். டீச்சர் என்று தெரிந்ததும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பேச்சு மழையைப் பற்றிப் போய்விட்டது.

அன்றைக்கே வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். ஸ்வீடிஷில் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு. தமிழில் பேசினால் ‘அவங்க சொன்னாங்க’தான். பெயர்கூடப் போகட்டும், அந்த ‘ங்க’ போனால் திரும்ப வராது என்று எனக்குப் பயம்.

அவள் தோசையைப் பிய்த்தபடி கேட்டாள்: “அப்ப ஆச்சிகிட்ட மட்டும் ஏன் நீ ‘நீ எப்ப வர்ற’ன்னு கேட்ட? தாத்தாவ மட்டும் ‘நீங்க’ங்கிற?”

இன்னொரு தோசை வைக்கட்டுமா என்று கேட்டேன்.