ஊதா மூடிக் குழாய்

இருபத்திரண்டு ஆண்டுகளாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தேனிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். என் மேசைக்கும் வெளியே காத்திருப்பவர்களின் பெஞ்சுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான் இருக்கிறது. அவர்களுடைய உடம்பைப் பற்றிய செய்தி அவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். மெஷின் எண்ணைக் காட்டுவதற்கு முன்பேகூடச் சில நாள் தெரியும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்த குழாயில் மேலே நிற்கும் சீரம் வைக்கோல் நிறமாக இருந்தால் நிம்மதி. பால் போலக் கலங்கியிருந்தால் கொழுப்பு. அடர் மஞ்சள் என்றால் காமாலையாக இருக்கலாம். அதைப் பார்த்த கண்ணோடு நிமிர்ந்து, பெஞ்சில் இருப்பவரைச் சாதாரண முகத்துடன் பார்க்கப் பழகுவதற்கு எனக்கு ஐந்து வருடம் பிடித்தது.

எண்ணை நாங்கள் தரலாம். நோயின் பெயரை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஊரில் பாரதக் கதை சொல்லும் பெரியவர்கள் சகாதேவனைப் பற்றிச் சொல்வார்கள். நடக்கப்போவது எல்லாம் தெரியும், ஆனால் கேட்காமல் வாய் திறக்க மாட்டான் என்று. எங்கள் பாடு அவனைவிட மோசம். கேட்டாலும் சொல்லக் கூடாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு காலை. இருபத்தாறு வயதுப் பையன், லாரி ஷெட்டில் வேலை. கூட அம்மா. இரண்டு மாதமாக அசதி, உடம்பு இளைத்துவிட்டது. ரத்தம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். நான் ஊதா மூடிக் குழாயை மெஷினில் வைத்தேன். வெள்ளை அணுக்கள் நான்காயிரத்திலிருந்து பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டியவை, இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தன. மெஷினின் கோளாறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே மறுபடி ஓட்டினேன். அதே எண். ஸ்லைடு போட்டு, லீஷ்மன் சாயம் ஊற்றி, காய வைத்துப் பார்த்தேன். ரத்த ஓட்டத்துக்குள் வளர்ந்து முடிந்த அணுக்கள் மட்டுமே வர வேண்டும், பட்டம் வாங்கியவர்கள் வேலைக்கு வருவதைப் போல. அந்த ஸ்லைடிலோ ஒன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை மொத்தப் பிள்ளைகளும் தெருவில் இறங்கி நின்றார்கள். ரத்தப் புற்றுநோயில் மெதுவாக வளரும் வகையின் முகம் அது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா மூன்றாவது இட்லியை வைக்க, பையன் போதும் என்று கையை மறித்தான். "கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது" என்றான். வீங்கிய மண்ணீரல் இரைப்பையை அழுத்துகிறது என்பது எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கு அது பிள்ளையின் செல்லம். சிரித்துக்கொண்டே அந்த இட்லியைத் தானே எடுத்துச் சாப்பிட்டார்.

டாக்டருக்கு உடனே போன் செய்தேன். அனுப்புங்கள் என்றார். ஆனால் அச்சடித்த ரிப்போர்ட்டை இருபது நிமிடம் என் மேசையிலேயே கவிழ்த்து வைத்திருந்தேன். விதிப்படி தவறு. அவர்கள் கை கழுவி, பாக்ஸை மூடி, பைக்குள் வைக்கட்டும் என்று இருந்தேன். அந்த இருபது நிமிடச் சந்தோஷம் பொய்யான சந்தோஷமா? இன்று வரை எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னதும் இல்லை.

மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த நோய்க்கு இமாடினிப் என்ற மாத்திரை இருக்கிறது. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்குக் காப்புரிமை கேட்ட விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் நிராகரித்தது. உச்ச நீதிமன்றமும் 2013 ஏப்ரலில் அதையே உறுதிசெய்தது. லாரி ஷெட்டில் வேலை செய்பவனுக்கு இந்தியத் தயாரிப்பு கைக்கு எட்டுகிறது என்றால் அதற்கு இந்தத் தீர்ப்பும் ஒரு காரணம். தினமும் விழுங்குகிறான், வேலைக்குப் போகிறான். இதே ஸ்லைடை 1990-களில் ஒருவர் பார்த்திருந்தால், தெரிந்துகொண்டதால் பெரும்பாலோருக்குப் பெரிய பலன் ஒன்றும் இருந்திருக்காது.

செய்வதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் அறிஞர்களும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். டிஎன்ஏவின் வடிவத்தை 1953-இல் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் ஜேம்ஸ் வாட்சன். 2007-இல் அவருடைய முழு மரபுத் தொகுப்பையும் படித்து அவர் கையிலேயே கொடுத்தார்கள். எல்லாவற்றையும் வெளியிடலாம், அல்சைமர் நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவை மட்டும் தனக்கும் காட்ட வேண்டாம் என்றார். அவருடைய பாட்டிக்கு அந்த நோய் இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கொஞ்சம் பொறாமைதான் வந்தது. எதைப் பார்க்க மாட்டேன் என்பதைப் பெயர் சொல்லி, ஊரறியச் சொன்னாரே.

நான் அப்படிச் சொல்லவில்லை. என் அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் கால் விரல் போயிற்று. கையெட்டும் தூரத்தில் மெஷின். ஆனாலும் பத்து வருடம் எனக்கு நான் பார்த்துக்கொள்ளவில்லை. பரிசோதனைக்கு முதல் நாள் இனிப்பை நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரிப்பேன். மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனை அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். சிவப்பணு ஏறக்குறைய நூற்றிருபது நாள் வாழ்கிறது, அத்தனை நாளும் ஒட்டிய சர்க்கரையை அது சுமந்துகொண்டு வருகிறது. இதையெல்லாம் மற்றவர்களுக்கு விளக்கிவிட்டு மூன்று ஸ்பூன் சர்க்கரையோடு டீ குடிப்பேன்.

தெரியாத காலம் சந்தோஷமான காலம் என்று என் கதையை வைத்து யாராவது சொன்னால் மறுப்பேன். இரவில் இரண்டாம் முறை எழுந்து போகும்போது எண்ணிக்கொள்வேன். காலில் சின்னச் சிராய்ப்பு ஆறும் வரை நாள் கணக்குப் பார்ப்பேன். அந்த அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்துகொள்ளாமல் இருந்தேன். அவர் இட்லியை ருசித்துச் சாப்பிட்டார். நான் குடித்த டீயில் ஒன்றுகூட அப்படி இறங்கவில்லை.

கடைசியில் மூன்று மாதச் சர்க்கரைக்கான புதிய கிட் வந்த நாளில், சரிபார்க்க ஊழியர்களின் ரத்தம் வேண்டும் என்றார்கள். குழாயில் பெயர் எழுதாமல் 'ஊழியர் 3' என்று எழுதினேன். 8.1 வந்தது. ஆறரையைத் தொட்டாலே சர்க்கரை நோய். அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அந்தப் பையன் இன்னும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறான். கல்யாணமாகிவிட்டது. சந்தோஷமாக இருக்கிறாயா என்று நான் கேட்டதில்லை. இப்போதெல்லாம் பெஞ்சில் உட்காருவதில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று மெஷினையே பார்த்துக்கொண்டிருப்பான். போன முறை ரத்தம் கொடுத்துவிட்டு, "அண்ணே, உங்களுக்கு எப்போது பார்த்தீர்கள்?" என்றான். ஐந்து மாதம் என்றேன். "என்னுடையது வருவதற்குள் உங்களுடையதையும் எடுத்துவிடுங்கள்" என்றான்.

உதவியாளரைக் கூப்பிட்டுக் கையை நீட்டினேன். குழாயில் என் பெயரையே எழுதச் சொன்னேன். இரண்டு ஊதா மூடிகளும் ரோலரில் அடுத்தடுத்து உருண்டுகொண்டிருந்தன. அவன் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தான்.