யாருடைய துடிப்பு அது?

அடையாறில் சைக்கிள்களும் ஓட்டக்காரர்களுக்கான சாமான்களும் விற்கும் ஒரு கடையில் ஒன்பது வருடமாக சர்வீஸ் மேசையில் இருக்கிறேன். புது வாட்ச் வாங்குகிறவருக்கு வயது, எடை எல்லாம் போட்டு, இதயத் துடிப்பை அளக்க மார்பில் கட்டும் ஸ்ட்ராப்பையும் தூரத்தை அளக்க ஷூவில் மாட்டும் ஃபுட் பாடையும் அதோடு இணைத்துக் கொடுப்பது என் வேலை. பார்ப்பவர்களுக்கு அது ஐந்து நிமிட வேலை. முதல் மூன்று வருடம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை, நல்ல கூட்டம். அறுபதை நெருங்கும் ஒரு சாரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மெதுவாக ஓடலாம், துடிப்பு 120-ஐத் தாண்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆளுக்கொரு வாட்ச், ஆளுக்கொரு ஸ்ட்ராப் வாங்கினார்கள். இரண்டு ஸ்ட்ராப்பையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை ஈரம் செய்து தொட்டு உயிர்ப்பித்து, இரண்டு வாட்சிலும் தேடச் சொன்னேன். இரண்டிலும் 'இணைந்தது' என்று வந்தது. பில் போட்டு அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து சார் தனியாக வந்தார். முகம் வாடியிருந்தது. "தம்பி, எவ்வளவு மெதுவா ஓடினாலும் 140 காட்டுது. இப்போ நடக்கத்தான் செய்யறேன், அப்பவும் 120-ஐ ஒட்டியே நிக்குது. டாக்டரைப் பார்க்கணுமோன்னு பயமா இருக்கு" என்றார். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் தினமும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்களாம். அன்று காலை அவர் மனைவி, அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இவர் மட்டும் போயிருக்கிறார். அன்றைக்குப் பார்த்து வாட்ச் சென்சாரே கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்துத்தான் கடைக்கு வந்திருக்கிறார்.

எனக்கு அந்த நிமிடமே வயிற்றைப் பிசைந்தது. வாட்சில் சென்சார் விவரத்தைத் திறந்து எண்ணைப் பார்த்தேன். அவர் ஸ்ட்ராப்பின் பின்புறம் அச்சிட்டிருந்த எண் வேறு. மூன்று வாரமாக அவர் பார்த்தது அவருடைய மனைவியின் துடிப்பு.

இது எப்படி நடக்கும் என்று அன்று அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஆன்ட் பிளஸ் என்ற கம்பியில்லா முறையில் ஸ்ட்ராப் ஒரு வானொலி நிலையம் மாதிரி. நொடிக்கு நான்கு தடவை தன் எண்ணையும் துடிப்பையும் சொல்லிக்கொண்டே இருக்கும். எத்தனை வாட்ச் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு வாட்சுக்கு எந்த எண்ணைப் பழக்கினோமோ, பிறகு அதை மட்டுமே அது தேடும். அம்மாவின் ஸ்ட்ராப்பை அம்மாவின் வாட்சும் கேட்டது, சாரின் வாட்சும் கேட்டது. சாருடைய ஸ்ட்ராப் சொன்னதைக் கேட்க ஆளே இல்லை. இரண்டு வாட்சிலும் ஒரே துடிப்பு வருவதை அவர்களும் கவனித்திருக்கிறார்கள், சேர்ந்து ஓடுவதால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ப்ளூடூத்தாக இருந்திருந்தால் குட்டு சீக்கிரமே வெளிப்பட்டிருக்கும். அது தொலைபேசி அழைப்பு மாதிரி, பழைய ஸ்ட்ராப்கள் பலவும் ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேசும்.

சரியான ஸ்ட்ராப்பை இணைத்து, கடைக்கு வெளியே இருவருமாகப் பத்து நிமிடம் வேகமாக நடந்தோம். 96. மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி எண்ணினேன், 24 துடிப்பு. நான்கால் பெருக்கினால் அதே 96. சார் ஒன்றும் பேசவில்லை, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இது நேர்மாறாக நடந்து, அவருக்கு உண்மையில் 150 இருக்கும்போது வாட்ச் 110 காட்டியிருந்தால்?

அதற்குப் பிறகு மேசையில் வைத்து இணைப்பதை நிறுத்திவிட்டேன். வாங்குகிறவரையே ஸ்ட்ராப்பைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, தெருமுனை வேப்பமரம் வரை கூட்டிப்போகிறேன். மற்ற சென்சார்களிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி நின்று இணைக்க வேண்டும் என்று வாட்சோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது. நான் அதைப் படித்ததே அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான். ஸ்ட்ராப்பின் எண்ணை ஒரு சின்ன டேப்பில் எழுதி வாட்ச் பெட்டிக்குள் ஒட்டுகிறேன். கடைசியில் விரல் வைத்து நாடி பார்க்காமல் யாரையும் அனுப்புவதில்லை.

ஸ்ட்ராப்பைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை தண்ணீரில் தீரும். உள்பக்கம் இருக்கும் இரண்டு பட்டைகளும் ஈரமாக இருந்தால்தான் இதயத்தின் மின்சாரத்தைப் பிடிக்கும். காய்ந்த ஸ்ட்ராப்போடு பாலியெஸ்டர் பனியனும் உரசினால் முதல் பத்து நிமிடம் 200, 210 என்று ஏதேதோ வரும், வியர்த்ததும் அடங்கிவிடும். மார்கழிக் காலையில் வியர்க்க நேரமாகும், அப்போதுதான் கடைக்கு அதிகம் பேர் வருவார்கள். ஓடி முடித்ததும் பட்டன் போல மாட்டியிருக்கும் சென்சாரைக் கழற்றி, ஸ்ட்ராப்பை நல்ல தண்ணீரில் அலசிப் போட வேண்டும். மாட்டியபடியே ஈரத்தோடு விட்டால் சென்சார் அணையாது, நாணய பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஃபுட் பாட் வேறு விதமான விஷயம். கால் அசைவை வைத்து அது தூரத்தைக் கணிக்கிறது, ஆளுக்கு ஆள் நடை மாறும். அதனால் அளந்த தூரத்தில் ஓடிப் பார்த்துத் திருத்த வேண்டும். 800 மீட்டர் ஓடியதற்கு வாட்ச் 780 காட்டினால், 800-ஐ 780-ஆல் வகுத்து, 100 என்று இருக்கும் திருத்த எண்ணை 102.6 ஆக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் அந்த 800 உண்மையிலேயே 800-ஆ? ஒரு கல்லூரி மாணவி டிரெட்மில்லில் தன் வேகம் திடீரென்று குறைந்துவிட்டது என்று அழுகிற நிலையில் வந்தாள். 5 கிலோமீட்டர் ஓடினால் வாட்ச் நாலரைகூடக் காட்டவில்லை. டிரெட்மில்லில்தான் கோளாறு என்று நான் முதலில் நினைத்தேன். அளவு திருத்தத்தை எங்கே செய்தாய் என்று கேட்டேன். கல்லூரி மைதானத்தில் இரண்டு சுற்று என்றாள். எந்த லேன்மா? உள் லேன்களில் டீம் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்ததால் கடைசி லேனில், எட்டாவதில் ஓடினாளாம். 400 மீட்டர் என்பது முதல் லேனுக்குத்தான், அதுவும் உள் விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளந்தது. எட்டாவது லேனில் ஒரு சுற்று ஏறக்குறைய 453 மீட்டர். 906 ஓடிவிட்டு 800 என்று வாட்சுக்குச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கே போய், முதல் லேன் காலியாக இருக்கும்போது மறுபடி ஓடினாள். அவள் வேகம் குறையவே இல்லை. போனில் அதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் காதில் இருக்கிறது.

சைக்கிள்காரர்களிடம் இந்தப் பொறுமை கொஞ்சம் அதிகம். தூரக் கணக்குக்கு வேண்டிய சக்கரத்தின் சுற்றளவைச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, ஆளை மேலே உட்காரவைத்து ஒரு சுற்று உருட்டி அளக்கச் சொன்னால் செய்வார்கள். 25 மில்லிமீட்டர் அகல டயரை 28 ஆக மாற்றிவிட்டு வாட்சில் மாற்றாமல் விட்டால், சுற்றளவு 2105 மில்லிமீட்டரிலிருந்து 2136 ஆனது வாட்சுக்குத் தெரியாது. 40 கிலோமீட்டரில் அரை கிலோமீட்டருக்கு மேல் கணக்கில் வராமல் போகும். மிதிக்கும் வலிமையை அளக்கும் பவர் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்று: ஏசி அறையிலிருந்து எடுத்த சைக்கிளில் உடனே பூஜ்யம் செய்யாதீர்கள், அதாவது மிதிக்காதபோது மீட்டர் பூஜ்யம் காட்டும்படி அமைக்காதீர்கள். சென்னை மே மாதக் காலையில் கால் மணி நேரம் வெளியே நிற்கட்டும், உலோகம் வெளிச்சூட்டுக்கு வரட்டும். அப்புறம் பெடலில் காலை வைக்காமல் பூஜ்யம் செய்யுங்கள்.

போன மாதம் அந்த சாரும் அம்மாவும் பேட்டரி மாற்ற வந்தார்கள். இப்போது இருவரும் 10 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். மாற்றிக் கொடுத்ததும் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் ஸ்ட்ராப்பைத் திருப்பிப் பிடித்து எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தார். அம்மா வாட்சைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். நான் டேப்பை எடுத்து எழுத ஆரம்பித்தேன்.