தேக்கு மொட்டையான அந்த இரண்டு வாரம்

கூடலூரிலிருந்து நாடுகாணி மலைப்பாதையில் இறங்கினால் நிலம்பூர். அங்கே இளம் தேக்குத் தோட்டங்களில் புழுக் கணக்கெடுக்கும் வேலைக்குப் போனபோது, இலையை எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு நஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன்.

கோடை மழை விழுந்ததும் தேக்கு துளிர்க்கும். கசக்கினால் கையெல்லாம் சிவப்பாக்கும் அந்தக் கொழுந்திலையைத் தேடி அந்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து முட்டையிடும். முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு காலையில் தோட்டத்துக்குள் நுழைகிறேன், தூறல் சத்தம் கேட்கிறது, அண்ணாந்து பார்த்தால் வானத்தில் மேகமே இல்லை. சருகின் மேல் பொழிந்துகொண்டிருந்தது முழுக்கப் புழுக்களின் எச்சம். நூல் விட்டுத் தொங்கிய புழுக்களை விலக்கி விலக்கித்தான் நடந்தோம். இரண்டு வாரத்தில் பெரிய நரம்புகள் மட்டுமே மிஞ்சின. தோட்டமே போய்விட்டது என்று எனக்கு அழுகை வந்தது. கூட வந்த வாட்சர் அண்ணன் பதறவில்லை. "பொறு தம்பி, மறுபடி துளிர்க்கும்" என்றார். துளிர்த்தது.

ஆண்டுக் கடைசியில் வேறொரு புழு வந்தது. இது நரம்புகளுக்கு நடுவே உள்ள பச்சையை மட்டும் சுரண்டி, இலையைச் சல்லடையாக்கிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் மலைச்சரிவு தீயில் கருகிய மாதிரி இருக்கும். இதுதான் பெரிய அழிவு என்று நான் அடித்துச் சொன்னேன்.

தவறு. பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் 1980களிலேயே இதை அளந்திருக்கிறார்கள். முதல் புழுவால் இளந்தேக்கு இழப்பது, அது வளர்ந்திருக்க வேண்டிய மர அளவில் 44 சதவீதம். இரண்டாவதால் சொல்லும்படியான இழப்பு இல்லை. யோசித்தால் சரிதானே, சல்லடையான இலை எப்படியும் சில வாரத்தில் உதிரப் போகிற முற்றல் இலை. கொழுந்தோ அந்த ஆண்டின் வளர்ச்சிக்கு மரம் போட்ட முதலீடு. அது போனால் மறுபடி துளிர்க்கச் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும், அந்த நாட்களில் மரம் பருக்காது. பச்சையாகத் திரும்பி நிற்கும் மரத்தைப் பார்த்து இந்த நஷ்டத்தைச் சொல்லவே முடியாது, நாடா வைத்துச் சுற்றளவு எடுத்தால்தான் தெரியும்.

மருந்தடிக்கலாமே என்று பலர் கேட்பார்கள். எனக்கு அதில் மனமில்லை. கொழுந்தைத் தின்னும் அந்த முதல் புழுவுக்கே உரிய ஒரு வைரஸ் காட்டிலேயே இருக்கிறது. அதைத் தெளித்துப் புழுவைக் கட்டுப்படுத்தும் முறையையும் அதே நிலையத்தார் உருவாக்கினார்கள். நோய் கண்ட புழு இலையில் துவண்டு தொங்கும், தொட்டால் உடைந்து நீராக வழியும். அப்படித் தொங்குவதைப் பார்த்தால் வாட்சர் அண்ணன் என் நோட்டில் தனிக் கோடு போடச் சொல்வார்.