பின்ஜ் ஈட்டிங்குக்கு (நிறுத்த முடியாமல் சாப்பிடும் நோய்க்கு) உதவி தேடிப் போன அனுபவம் (திருச்சி)

மனசு சரியில்லாதபோதெல்லாம் சாப்பிட்டுத் தீர்ப்பது, பிறகு அழுவது, மறுநாள் பட்டினி கிடப்பது. இந்தச் சுழலில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த டாக்டரிடம் போனாலும் உட்கார்ந்தவுடனே, "யாரும் இல்லாதப்போ நிறுத்த முடியாம சாப்பிடறேன்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள். என்னிடம் எடையைக் கேட்டார்கள், உயரத்தைக் கேட்டார்கள், தைராய்டு உண்டா, கல்யாணம் ஆயிடுச்சா என்றெல்லாம் கேட்டார்கள். எப்படிச் சாப்பிடுகிறேன் என்று கேட்க ஆளில்லை.

காலேஜ் நாளிலிருந்து ஜி.எம். டயட், பேலியோ, கீட்டோ, பதினாறு மணி நேர விரதம் என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் எடை இறங்கும். இறங்கியதைவிடக் கூடுதலாகத் திரும்பி வரும். கடைசியில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போனேன். எடை மெஷினை நடைவழியிலேயே போட்டிருந்தார்கள், டோக்கன் வாங்கியவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு நேர் எதிரே. ஏறி நின்றதும் நர்ஸ் அந்தக் கோடியில் நோட்டு வைத்திருந்த பெண்ணுக்குக் கேட்கிற மாதிரி என் எடையைக் கூவினார். பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எரிகிறது. இப்போதெல்லாம் எங்கே போனாலும், "சத்தமா சொல்லாதீங்க சிஸ்டர், எழுதிக்குங்க போதும்" என்று மெஷினில் ஏறும் முன்பே சொல்லிவிடுகிறேன். ஒருவரும் மறுத்ததில்லை. நீங்களும் தாராளமாகக் கேளுங்கள்.

டயட்டீஷியன் என் பி.எம்.ஐ.யைப் (உயரத்துக்கும் எடைக்கும் உள்ள கணக்கு) பார்த்து, நம் நாட்டவருக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25 வந்தால் உடல் பருமன் என்று சொல்லி ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினார். 1200 கலோரி. எனக்கு முன்னால் வந்த அம்மாவுக்கும் அதே தாள்தான். ராத்திரி நேரத்தில் என்ன ஆகிறது என்று நான் சொல்லத் தொடங்கியதும், "வாயைக் கட்டுங்கம்மா, இதுக்கு வேற மருந்தே இல்ல" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். அன்று சாயங்காலம் நான் எப்படிச் சாப்பிட்டிருப்பேன் என்று இந்தப் பிரச்சினை உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நடுவில் ஒரு 'வெல்னஸ் கோச்' வந்து பவுடர் டப்பா விற்றுவிட்டுப் போனார். முதல் சந்திப்பிலேயே எதையாவது விற்கிறவரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

திருப்பம் ஒரு போனில் வந்தது. 14416, டெலி மானஸ். அரசு நடத்தும் மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். அந்தப் பக்கம் பேசிய பெண், "சாப்பிட்ட பிறகு வாந்தி எடுப்பீங்களா? பேதி மாத்திரை ஏதாச்சும் போடுவீங்களா? எத்தனை மாசமா இப்படி?" என்று நிதானமாகக் கேட்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விகளை என்னிடம் ஒருவர் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார். வீட்டில் அத்தை, "எடை கூடினதுக்கு யாராச்சும் பைத்தியக்கார டாக்டர்கிட்ட போவாங்களாம்மா?" என்றார். என் கணவர்தான், "போகட்டும்மா" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

டாக்டர் பின்ஜ் ஈட்டிங் டிஸார்டர் என்றார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2013-இல்தான் இதைத் தனி நோயாகச் சேர்த்தார்களாம். கட்டுப்பாடே இல்லாமல் சாப்பிடுவது வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூன்று மாதமாக நடந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. கவலை வந்தால் ஒரு முறுக்கு கூடுதலாகத் தின்கிற எல்லோருக்கும் இந்தப் பெயர் பொருந்தாது.

பேச்சு வழியாகச் சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். அங்கே ஒரு முழு நாள் வீண். முன்பதிவு செய்துதான் போயிருந்தேன். வரவேற்பில் இருந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெயிட்டுக்குத்தானே? மூணாவது மாடி போங்க" என்று சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார். மூன்றாவது மாடியில் இருந்தது எடை குறைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவு! கீழே ஓடி வருவதற்குள் என் நேரம் முடிந்துவிட்டது. சீட்டில் யாரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறது என்று கவுன்ட்டரிலேயே படித்துப் பாருங்கள். இன்னொன்று: மனநல ஆலோசகர், கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்க வேண்டும். அவர்கள் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். இன்ஸ்டாகிராமில் நான் முதலில் கண்ட ஒருவர் எண்ணைக் கேட்டதும் பதிலே போடவில்லை.

எனக்குக் கிடைத்த சைக்காலஜிஸ்ட் மேடம் கலோரியை எண்ணாதே என்றார். அதற்குப் பதிலாக ஒரு நோட்டு. எத்தனை மணி, எங்கே, என்ன சாப்பிட்டேன், அதற்கு முன் என்ன நடந்தது, இவ்வளவுதான். ஒரு வரி இப்படி இருக்கும்: "6.40, சமையலறை, நின்றுகொண்டே. மிக்சர் அரை பாக்கெட், மதியச் சோறு, சர்க்கரை தொட்டு நாலு பிரெட். ஆபீஸில் மானேஜர் எல்லார் முன்னாலும் கத்தினார்." மானேஜர்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். மேடம் பேனாவால் அதற்கு மேல் வரியைச் சுட்டினார். காலை 8 மணிக்கு ஓட்ஸ், பிறகு 6.40 வரை ஒன்றுமில்லை. பக்கத்தைப் புரட்டினால், சாப்பாட்டைத் தவிர்த்த நாட்களில்தான் அந்தச் சாயங்காலங்கள் வந்திருந்தன.

அப்போதுதான் மினசோட்டா ஆய்வைப் பற்றிச் சொன்னார். 1944-45-இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைப்பட்டினி, நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தவர்கள்கூட உண்டு. பட்டினி முடிந்த பின் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சிலர் தவித்தார்கள். எனக்குக் கொடுத்த ஜெராக்ஸ் தாளில் 1200! வாயைக் கட்டத் தெரியாதவள் என்று இத்தனை வருஷம் என்னை நானே திட்டிக்கொண்டது நினைவுக்கு வந்து அங்கேயே அழுதுவிட்டேன்.

மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிறுதீனி, நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. இதுதான் ஆரம்ப வைத்தியம். மதியம் சோறு சாப்பிடவே முதலில் பயம். சில வாரங்களில் அந்தச் சாயங்கால வெறி தணிய ஆரம்பித்தது. அடுத்து, போடவே முடியாத பழைய ரவிக்கைகளை அலமாரியிலிருந்து அப்புறப்படுத்தச் சொன்னார். புதிது தைக்கக் கொடுத்தபோது தையல்கார அக்கா, "இளைச்சதும் தச்சுக்கலாமே" என்றார். "இப்போ இருக்கற அளவுக்கே தைங்கக்கா" என்றேன். விசேஷ வீட்டில் சித்தி என் இடுப்பைப் பார்த்து ஆரம்பித்தபோது, "உடம்புப் பேச்சு வேண்டாம் சித்தி, தம்பிக்கு வேலை கிடைச்சிடுச்சா?" என்று பேச்சை மாற்றினேன். மேடத்திடம் சொல்லிப் பழகிய வசனம்தான், வேலை செய்தது.

எடை பெரிதாக இறங்கவில்லை. ராத்திரி அடுப்படி விளக்கைப் போட்டு நிற்பது அரிதாகிவிட்டது, எனக்கு அது போதும்.

இன்ஷூரன்ஸ் மட்டும் முடியவில்லை. மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. பெரும்பாலான பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும், என்னுடையதில் ஓ.பி. (அட்மிட் ஆகாமல் பார்க்கும்) செலவும் உண்டு. ஆனால் பில் போட்டவர் 'வெயிட் மேனேஜ்மென்ட்' என்று அடித்துவிட்டார். உடல் பருமன் சிகிச்சைக்குக் காப்பீடு இல்லை என்று திருப்பிவிட்டார்கள். கவுன்ட்டரில் கேட்டால், "சிஸ்டம்ல மாத்த முடியாதுங்க" என்கிறார்கள். நோயின் பெயரையும் அதன் ஐ.சி.டி. (உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல்) எண் 6பி82-ஐயும் குறிப்பிட்டு டாக்டர் தனிக் கடிதம் தந்தார். அதை இணைத்துக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிப்பவர்) போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பில்லில் என்ன அடித்திருக்கிறார்கள் என்று பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள்.