கையாந்தகரை எண்ணெய்: மூன்றாம் காய்ச்சலில் மணல் பதம் வந்தது

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்க வயல் வரப்புகளில் மழைக்குக் கையாந்தகரை (கரிசலாங்கண்ணி) தழைத்து நிற்கிறது. அதன் சாற்றில் தலைமுடிக்கு எண்ணெய் காய்ச்சியதில் முதல் இரண்டு முறையும் வீண். மூன்றாவது அருமை.

அளவு: செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் அரை லிட்டர், சாறு 2 லிட்டர், நெல்லிக்காயும் கறிவேப்பிலையும் அரைத்த விழுது 60 கிராம். தண்ணீர் விட்டுக் காய்ச்சினால்தான் விழுது எண்ணெயில் கால் பங்கு. சாறு விட்டால் அரைக்கால் (எட்டில் ஒரு) பங்கு போதும். வெந்தயம் வேண்டவே வேண்டாம். அதன் கொழகொழப்பு அடியில் ஒட்டிக் கரியும், பதமும் தெரியாது.

எல்லாம் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. சாற்றில் நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். நீர் வற்றிய கணம் மளமளவென்று ஏறும். அடி வண்டலை எடுத்து விரலில் உருட்டினால் முதலில் சேறு, பிறகு மெழுகுத் திரி, பிறகு நறநறவென்று மணல். சேற்றுப் பதத்தில் இறக்கியதுதான் முதல் தவறு: ஈரம் தங்கி, சில நாளில் காறல் வாடை. இரண்டாவது முறை மணல் வந்தபின் அடுப்பை அணைத்தும் கரிந்தது. வெண்கல உருளி சூட்டை விடாது. அதற்குள்ளேயே எண்ணெய் தொடர்ந்து வேகும். மணல் தொடங்கும்போதே துணியில் வடித்து வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். எண்ணெயில் நனைத்த திரியைக் கொளுத்தி, படபடவென்று வெடிக்காமல் எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பலன் பற்றி நேராகச் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கும் என்று 2003 ஆய்வு காட்டியது. அது முடி உடையாமல் காக்கும், வேரிலிருந்து உதிர்வதை நிறுத்தாது. கையாந்தகரைக்கு எலி ஆய்வுகள் உண்டு. மனிதரிடம் உறுதியான சோதனை இல்லை. ரோஸ்மேரி எண்ணெய்க்கு உண்டு: பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரிடம் 2% மினாக்ஸிடில் என்ற முடி வளர்ச்சி மருந்துடன் ஒப்பிட்ட 2015 ஈரான் ஆய்வு. மூன்றாம் மாதம் மாற்றமில்லை. ஆறாம் மாதம் இரு குழுவிலும் முடி எண்ணிக்கை கூடியது. மருந்தில்லாத குழு ஒன்று வைக்காதது பெருங்குறை. ஆனாலும் கைவசம் உள்ளவற்றில் இதுவே மேல்.

நீலகிரியில் வடிக்கும் ரோஸ்மேரி எண்ணெய் கிடைக்கிறது. அடுப்பில் விட்டால் ஆவியாகிவிடும். நன்றாக ஆறியபின் 100 மில்லிக்கு 1 மில்லி. முதலில் காதுக்குப் பின்னால் தடவி எரிகிறதா என்று பார்க்கவும்.

அடுத்தது சின்ன வெங்காயச் சாறு. 2002 பாக்தாத் ஆய்வில் வெங்காயச் சாற்றைத் தடவிய 23 பேரில் 20 பேருக்கு முடி முளைத்தது. ஆனால் அது புழுவெட்டுக்கு (திட்டுத் திட்டாக முடி கொட்டுவதற்கு) மட்டும். பொதுவான உதிர்வுக்கு அதைக் காட்டுவது தவறு.

இப்போதைய எண்ணெய் இன்னும் தெளியவில்லை. மூன்று நாள் அசைக்காமல் வைத்து, மேலாக மட்டும் ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் இறுக்க வேண்டும்.