மார்கழியில சொல்ல வேண்டியத மாசியில சொன்னா

மழை விட்டு ரெண்டு நாளாச்சு, வடிகால் வாய்க்கால்ல இன்னும் தண்ணி கரையைத் தொட்டுக்கிட்டுதான் ஓடுது. இன்னைக்குதான் உக்காந்து எழுத நேரம் கெடச்சுது. கேவிகேல (வேளாண் அறிவியல் நிலையத்துல) இருக்கறவங்க, பிளாக்ல ஏஏஓவா (உதவி வேளாண் அலுவலரா) இருக்கறவங்க, இப்பதான் சேர்ந்த தம்பி தங்கச்சிங்கன்னு விவசாயிங்ககிட்ட தொழில்நுட்பத்த கொண்டு போற நம்ம விரிவாக்க ஆளுங்க நெறைய பேர் இத படிக்கிறீங்க, அதனால அடுத்த ரெண்டு மாசத்துல டெல்டாவுல நமக்கு என்னென்ன வருதுன்னு ஒரு தடவ எழுதி வச்சுடலாம்னு தோணுச்சு. தேதிய மட்டும் எழுதினா போதாது, அந்த தேதியில வயல் எப்படி இருக்கும்னும் சேத்து எழுதணும், நான் சொல்ல வர்றதே அதுதான்.

முதல்ல டிசம்பர் 5, உலக மண் தினம். எல்லாரும் பேனர் அடிக்க குடுத்திருப்பீங்க. அன்னைக்கு நம்ம பக்கம் சம்பா நெல்லு தூர் கட்டி நிக்கும், குறுவை அறுத்துட்டு நட்ட தாளடி நெல்லு இன்னும் சின்னப் பயிரு, ரெண்டுலயும் தண்ணி. அதுல இறங்கி மண் மாதிரி எப்படி எடுக்கறது? தோட்டக்கால்லயோ மேட்டு நிலத்துலயோ எடுத்து காட்டலாம், வி மாதிரி வெட்டி, அரை அடி ஆழத்துக்கு ஓரமா சீவி எடுத்து, பத்து பதினஞ்சு எடத்துல சேத்து கலந்து, நாலா பிரிச்சு கழிச்சு அரை கிலோவாக்கறது வரைக்கும் காட்டலாம், வரப்பு ஓரம், எருக்குழி, மர நிழல் வேணாம்னு சொல்லலாம். ஆனா நெல்லு வயல்ல நெஜமாவே மண்ணு எடுக்க வேண்டியது சித்திரையில, உளுந்தும் எடுத்து வயல் காஞ்சு கெடக்கறப்போ. அப்ப எடுத்தாதான் தண்ணி இருக்கற வருஷத்துல ஜூன் 12க்கு மேட்டூர் திறந்து, குறுவைக்கு அடியுரம் போடறதுக்குள்ள ரிசல்ட் கைக்கு வரும். அதனால நான் டிசம்பர் 5ல பண்றது ஒண்ணுதான், வந்தவங்க பேரு, போன் நம்பர், சர்வே நம்பர் மூணையும் ஒரு நோட்டுல எழுதிக்குவேன், சித்திரை பொறந்ததும் ஒவ்வொருத்தருக்கா போன் போடுவேன். எடுத்து வச்ச போட்டோவ விட அந்த நோட்டு எனக்கு பெருசு.

அடுத்தது டிசம்பர் 23, உழவர் தினம், முன்னாள் பிரதமர் சரண் சிங் பொறந்த நாளு. நம்ம கணக்குல மார்கழி 8. டெல்டாவுக்கு இத விட நல்ல நாளு அமையாது, ஏன்னா உளுந்து பத்தி பேச வேண்டிய சரியான வாரம் அதுதான். இத நான் கத்துக்கிட்டது ஒரு பெரியவர்கிட்ட.

சில வருஷத்துக்கு முன்னாடி, அப்ப நான் வேற ஒரு எடத்துல வேலை பாத்தேன், நெல் தரிசு உளுந்துக்குன்னு, அதாவது நெல்லு அறுக்கறதுக்கு முன்னாடியே வயல்ல தெளிச்சு மிச்ச ஈரத்துல வளக்கற உளுந்துக்குன்னு, ஒரு பயிற்சி போட்டோம். மார்ச் 31க்குள்ள பணத்த செலவு பண்ணியாகணும்னு அதுக்கு தேதி குறிச்சது பிப்ரவரி கடைசில, மாசி பொறந்து பத்து நாளைக்கு மேல ஆயிருச்சு. நாப்பது பேர் வந்தாங்க, டீ, வடை, ஃபோல்டர் எல்லாம் குடுத்தாச்சு, நான்தான் பேசினேன், விதை நேர்த்தியில இருந்து ஆரம்பிச்சு வரிசையா சொல்லிக்கிட்டே போனேன். பின்னாடி உக்காந்திருந்த பெரியவர் ஒருத்தர் கடைசி வரைக்கும் ஒண்ணும் பேசல. முடிஞ்சு வெளிய வந்ததும், "ஏம்மா, ஒரு எட்டு நம்ம வயலுக்கு வந்துட்டு போறியா"ன்னு கேட்டார். டூவீலர எடுத்துக்கிட்டு பின்னாடியே போனேன். அறுத்து மூணு வாரம் ஆன வயலு, தாளு மட்டும் நிக்குது, மண்ணு வெடிச்சு வெரல விட்டா பாதி வெரலு உள்ள போகுது. அவரு குனிஞ்சு கையில இருந்த ஃபோல்டர அந்த வெடிப்புக்கு பக்கத்துல வச்சார். "நீ சொன்னது எல்லாம் நல்ல சேதிதாம்மா, எதுவும் தப்பில்ல. ஆனா இதுக்குள்ளயா விதைக்க சொல்ற? பொங்கலுக்கு முன்னாடி வந்து சொல்லியிருந்தா மூணு மா நெலத்துல தெளிச்சிருப்பேனே"ன்னார். கோவமே இல்ல அவரு குரல்ல. எனக்கு பதில் சொல்ல வரல, "தப்புதான் பெரியப்பா"ன்னு மட்டும் சொன்னேன்.

மூணு மான்னா ஒரு ஏக்கர். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் உளுந்து போச்சு, நாங்க பயிற்சிய லேட்டா வச்சதால.

அடுத்து வந்த தை மாசம் அவரே என்னைய வயலுக்கு கூப்பிட்டு பதம் பாக்க சொல்லிக் குடுத்தார். தண்ணிய வடிச்சுட்டு நெல்லு பழுத்து நிக்கிற வயலுக்குள்ள செருப்ப கழட்டிட்டு இறங்கினார், குதிகால ஊனி ஒரு நிமிஷம் நின்னுட்டு கால எடுத்தார். தடம் அப்படியே அச்சு மாதிரி நின்னுச்சு, ஓரம் சரியல, அடியில தண்ணி ஊறல, பக்கத்துல ஒரு உளுந்த போட்டு கட்டை வெரலால அழுத்தினா பாதி உள்ள போய் ஒட்டிக்கிச்சு. "இதுதான் மெழுகு பதம், நாளைக்கு தெளிக்கலாம்"னார். புக்குல நானும் மெழுகு பதம்னு எத்தனையோ தடவ எழுதியிருக்கேன், அன்னைக்குதான் அது என்னன்னு கால்ல பட்டு தெரிஞ்சுது.

அதனால பின்னாடி இருந்து கணக்கு போட்டு பாருங்க. சம்பா அறுப்பு தையில. உளுந்து தெளிக்க வேண்டியது அறுப்புக்கு ஏழுல இருந்து பத்து நாளைக்கு முன்னாடி. அப்ப விதை பொங்கலுக்குள்ள வீட்டுல இருக்கணும், ஏக்கருக்கு ஒரு பத்து கிலோ அளவு. வேளாண் டெப்போவுல விதை இருக்கான்னு பாக்க, இல்லன்னா பக்கத்து ஊர்ல கேக்க, விதையில கலக்கற ரைசோபியம் நுண்ணுயிர் உரப் பாக்கெட் வாங்க எல்லாத்துக்கும் மூணு வாரம் வேணும். அது மார்கழி முதல் பத்து தேதில கொண்டு வந்து விடுது. ரகத்துக்கு ரொம்ப தூரம் போக வேணாம், நம்ம ஆடுதுறையில 1922ல இருந்து ஆராய்ச்சி நடக்குது, அங்க வந்த ஏடிடீ 3 நெல் தரிசுக்குன்னே வந்த உளுந்து, 70, 75 நாள்ல வந்துரும், வயல்ல மிச்சம் இருக்கற ஈரத்துலயும் பனியிலயும் வளந்துக்கும்.

மிஷின் அறுப்பு பத்தி கட்டாயம் பேசுங்க. இப்ப கையறுப்பு எங்க இருக்கு, எல்லாம் பெல்ட் வண்டிதான், முளைச்ச உளுந்து மேல அது ஏறிப் போனா நசுங்கிரும்னு பல பேர் தெளிக்கிறதையே விட்டுட்டாங்க. வண்டி எந்த தேதிக்கு வரும்னு உறுதி பண்ணிக்கிட்டு அதுக்கு ஏத்த மாதிரி தெளிப்ப வச்சுக்கணும், அதுக்கு வண்டி வச்சிருக்கறவங்களையும் 23ஆம் தேதி கூட்டத்துக்கு கூப்பிடுங்க. நான் கூப்பிட்டு பாத்திருக்கேன், வர்றாங்க.

உளுந்து இலை மேல உரத்த கரைச்சு அடிக்கற இலை வழி தெளிப்பு வாயால சொன்னா நிக்காது, செஞ்சு காட்டணும். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபி உரத்த முதல் நாள் சாயந்திரமே ஒரு பெயிண்ட் பக்கெட்ல ஊற வச்சு, காலையில பழைய வேட்டிய நாலா மடிச்சு வடிகட்டி, தெளிஞ்ச தண்ணிய மட்டும் 200 லிட்டருக்கு சேத்து தெளிக்கணும். வடிகட்டாம ஊத்தினா நாசில்ல அடைச்சுக்கும், அப்புறம் டிஏபி சரியில்லன்னு பேராயிடும். பூக்க ஆரம்பிக்கறப்போ ஒண்ணு, பதினஞ்சு நாள் கழிச்சு ஒண்ணு. பயறு ஒண்டர்ங்கற பயறு ஊட்டச்சத்து கலவைய வாங்கறவங்களுக்கு ஏக்கருக்கு 2 கிலோ, பூக்கற சமயத்துல.

நாட்டுலயே முதல் கேவிகே 1974ல புதுச்சேரியில ஆரம்பிச்சாங்க, நம்ம தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்துக்கு கீழதான். செஞ்சு கத்துக்கறதுதான் அதுக்கு அடிப்படையே. ஹால்ல ஸ்லைடு போடறத குறைச்சுக்கிட்டு ஒரு பக்கெட்டும் வேட்டியும் எடுத்துட்டு வயலுக்கு போயிரலாம்.

ராவே பசங்க, அதாவது ஊர்ல தங்கி பயிற்சி எடுக்கற வேளாண் கல்லூரி பசங்க, வர்ற ஊர்ல இருக்கறவங்க அவங்கள வெறும் சர்வே ஃபார்ம் நிரப்ப மட்டும் விடாதீங்க, பதம் பாக்குற அன்னைக்கு வயல்ல இறக்குங்க.

எங்க பக்கம் 23ஆம் தேதி காலையில கூடறோம், மழை வந்தாலும் கூடறோம். வர்றவங்க வீட்டுல எடுத்து வச்ச விதை உளுந்துல நூறு எண்ணி தனியா முடிஞ்சு எடுத்துட்டு வாங்க. ஈர சாக்குல சுருட்டி வச்சு, மூணு நாலு நாள்ல எத்தனை முளைச்சுதுன்னு எண்ணி போன்ல சொல்லிடறோம், எழுபத்தஞ்சுக்கு கொறஞ்சா வேற விதை தேட அப்பவும் பொங்கலுக்கு மூணு வாரத்துக்கு கிட்ட கையில இருக்கும்.