23 ஃபிரேம்களில் விழும் ஒரு மாம்பழம்

நேற்றுக் காலை எட்டரை மணிக்கு மாம்பழம் சரியான இடத்தில் விழுந்தது. மாம்பழம் என்று நான் சொல்வது, சைக்கிள் பின்சில்லு ஹப்புக்குள் போடும் கால் அங்குல உருக்குக் குண்டு. மஞ்சள் பூசியிருக்கிறேன். விழவேண்டிய இடம், ஒரு பொம்மைப் பெண்ணின் கைக்கு நேர் கீழிருந்து 2.5 செ.மீ. பின்னால். ஒன்பது தடவை விட்டதில் ஏழு தடவை 2.4க்கும் 2.6க்கும் இடையில் விழுந்தது. இதற்காகத்தான் மூன்று மாதமாக எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பனஞ்சிலாகை, அதாவது நீளமான பனைமரச் சட்டம், சுற்றிக்கொண்டிருக்கிறது.

நான் எடுப்பது ஒரு விண்கப்பலைப் பற்றிய 12 நிமிடக் குறும்படம். கப்பலின் சுற்றும் வளையத்துக்கு 20 மீட்டர் ஆரை. அது சுற்றுவதால் உள்ளே செவ்வாயின் அளவு ஈர்ப்பு, அதாவது வினாடி வர்க்கத்துக்கு 3.7 மீட்டர். அதற்கு வளையம் 14.6 வினாடிக்கு ஒருமுறை சுற்றவேண்டும். கதையில் ஒரு பெண் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒன்றைக் கையிலிருந்து விடுகிறாள். அது நேராகக் கீழே போகாது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விட்டால், வளையம் சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கமாக 42 செ.மீ. தள்ளித்தான் விழும். பல படங்களில் வளையம் அழகாகச் சுற்றும், உள்ளே விழும் பொருள் மட்டும் நம் குசினியில் விழுவதுபோல நேராக விழும். என் படத்தில் அந்த 42 செ.மீ. இருந்தே ஆகவேண்டும். கணினியில் அரை மணி நேரத்தில் வரைந்துவிடலாம்தான். ஆனால் கமராவுக்கு முன்னால் உண்மையாகவே வளைந்து விழும் ஒரு பொருளை எடுக்கவேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இந்த வேலையைச் சாத்தியமாக்கியது ஒரு கணக்கு. கையை விட்ட பிறகு பழத்தை யாரும் இழுப்பதில்லை, அது நேர்கோட்டில் போகிறது. தரைதான் சுற்றி வந்து அதன்மேல் மோதுகிறது. விலகல் எவ்வளவு என்று எழுதிப் பார்த்தால், ஆரையை ஒரு கோணத்தின் தான்சனுக்கும் அந்தக் கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கவேண்டும். அந்தக் கோணத்தின் கோசைன், கை இருக்கும் ஆரையைத் தரையின் ஆரையால் வகுத்தது. அவ்வளவுதான். சுழற்சி வேகம் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போய்விடுகிறது! வேகமாகச் சுற்றினாலும் மெதுவாகச் சுற்றினாலும் பழம் விழும் இடம் ஒன்றே. அப்படியென்றால் 20 மீட்டரை ஒரு சிலாகையின் 1.2 மீட்டராகச் சுருக்கினாலும் வளைவின் உருவம் மாறாது. ஒன்றரை மீட்டர் 9 செ.மீ. ஆகிறது, 42 செ.மீ. இரண்டரை ஆகிறது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

முதல் இரண்டு மாதமும் பிழையான வழியில் போனேன். கிடையாகச் சுற்றும் பலகை, அதன்மேல் உருளும் குண்டு, மேலே கமரா. குண்டு வேறு ஏதோ பாதையில் போனது. பலகையை மினுக்கினேன், கரம் போர்டுப் பவுடர் போட்டேன், சரிவரவில்லை. காரணம் பலகையேதான். சுற்றும் தட்டில் வழுக்காமல் உருளும் குண்டைத் தட்டு தன்னோடு இழுக்கிறது. அது தட்டின் கோண வேகத்தில் ஏழில் இரண்டு பங்கு வேகத்தில் தனக்கென்று ஒரு வட்டம் போடும். அது அழகான பௌதிகம், ஆனால் என் கப்பலின் பௌதிகம் இல்லை.

சரி, பலகையே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். குண்டு காற்றில் சும்மா விழட்டும். சிலாகையோடு சேர்ந்து சுற்றும் கமரா நேர் மேலிருந்து பார்த்தால், பூமி அதை இழுக்கும் திசையும் கமரா பார்க்கும் திசையும் ஒன்றாகிவிடும். அந்த விழுதல் படத்தில் தெரியாது, குண்டு கொஞ்சம் சிறிதாவது மட்டும்தான் தெரியும். வினாடிக்கு 120 ஃபிரேமில் எடுத்தபோது குண்டு 18 செ.மீ. கீழே போய்விட்டது, அது கண்ணுக்குப் பட்டது. 240க்கு மாற்றி, சிலாகையை 1.46 வினாடிக்கு ஒரு சுற்றாக விட்டேன். இப்போது நாலரை செ.மீ.தான். 24 ஃபிரேமில் ஓடவிட்டால் பத்து மடங்கு மெதுவாகிறது, 1.46 வினாடி 14.6 ஆகிறது, கப்பலின் நேரம் அப்படியே வந்துவிடுகிறது. குண்டு கையிலிருந்து தரைக்குப் போக 23 ஃபிரேம். ஃபிரேமின் நடுவில் கையை வைக்காமல், விழும் இடத்தை வையுங்கள். கமராவின் தூரத்தால் வரும் பிழை அந்த இடத்தில் இல்லாமல் போய்விடும்.

இனி, குண்டைப் பிடித்து வைத்திருந்து விடும் மின்காந்தம். மூன்றாவது மாதம் முழுவதையும் தின்றது இதுதான்.

முதலில் காந்தத்தை நிலத்தைப் பார்த்தபடி பொருத்தினேன். பாதி வேகத்துக்கு வரமுன்பே குண்டு பக்கவாட்டில் வழுக்கிப் பறந்தது. இந்த வேகத்தில் குண்டு வெளிப்பக்கமாக உணரும் பாரம், அதன் நிறையைப் போல இரண்டு மடங்கு. பொம்மைப் பெண்ணுக்குக் 'கீழ்' என்பது நிலம் இல்லை, வெளிப்பக்கம்தான். காந்தத்தையும் அந்தப் பக்கம் திருப்பினேன், நின்றது. ஆனால் விடும்போது ஒட்டியது. விலகல் ஒரு தடவை ஒன்றரை, அடுத்த தடவை மூன்றரை. வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்தபோது தெரிந்தது, மின்சாரம் நின்ற பிறகும் குண்டு உடனே விடுபடுவதில்லை. நுனியின் ஓரத்துக்கு உருண்டு, ஒரு சிறு தள்ளலோடு போகிறது.

நான் சுருள் சுற்றியிருந்தது கடினமான உருக்கு போல்ட்டில். அது காந்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. போல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு பெரிய இரும்பு ஆணியை எடுத்து, சிரட்டை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து ஓர் இரவு விட்டேன். காலையில் எடுத்தபோது சாம்பல் இன்னும் இளஞ்சூடாக இருந்தது, ஆணி கறுத்து மங்கியிருந்தது. அவசரப்பட்டுத் தண்ணீரில் போடாதீர்கள், ஆறுவதில்தான் எல்லாம் இருக்கிறது. நுனியில் ஒரே ஒரு சுற்று டேப். அப்புறம் சுருளுக்குக் குறுக்கே போட்ட டயோட் (மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்): அது இருந்தால் மின்னோட்டம் மெதுவாகத்தான் அடங்கும், ஆகவே அதோடு தொடராக ஒரு ரெசிஸ்டர் சேர்த்தேன். இந்த மூன்றும் சேர்ந்த பிறகுதான் குண்டு சுத்தமாக விடுபட்டது.

நேற்றுத் தவறிய இரண்டு தடவையும் ஏற்கெனவே பாவித்த குண்டுகள். குண்டும் கடின உருக்குத்தானே, நாலைந்து தடவைக்குப் பிறகு அதுவே ஒரு சின்னக் காந்தமாகிவிடுகிறது. ஊசியைக் கிட்டக் கொண்டுபோனேன், ஒட்டியது. ஒவ்வொரு தடவையும் புதுக் குண்டு போடுங்கள், மலிவுதான்.

குண்டும் அச்சும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் எடுத்தேன். சைக்கிள் ஹப் இந்தப் பாரத்துக்குத் தாங்காது என்று அந்தக் கடை அண்ணர்தான் சொன்னார். "தம்பி, இவ்வளவு நீளச் சிலாகையோ? ஓட்டோ முன்சில்லு ஹப் ஒண்டு தாறன், அதைப் பூட்டும்." பூட்டினேன், ஆட்டமே இல்லை. சிலாகை பாரமாக இருப்பதும் நல்லது, கையால் தள்ளிவிட்டால் வேகம் குறையாமல் நெடுநேரம் ஓடுகிறது. வினாடிக்கு 247 பாகைக்கு வந்ததும் சுற்றும் வேகத்தை அளக்கும் ஜைரோ சென்சர் காந்தத்தை நிறுத்துகிறது. சென்சரை 250 பாகை வரம்பில் விடாமல் 500க்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் தள்ளும்போது வாசிப்பு உச்சியில் முட்டி நிற்கும். சென்சர் கொழும்பிலிருந்து வந்தது. முதல் பார்சலில் வந்த மூன்றில் இரண்டு வேலை செய்யவில்லை, மாற்றித் தரவும் மறுத்துவிட்டார்கள். இப்போது இரண்டு கடையில் பிரித்து எடுக்கிறேன். சிலாகையின் நுனி மணிக்கு 18 கி.மீ.க்கு மேல் போகிறது. கயிறு கட்டாமல் யாரையும் முற்றத்துக்குள் விடாதீர்கள்.

வெளிச்சத்துக்கு வீட்டு மின்விளக்கு சரிவராது, 240 ஃபிரேமில் துடிக்கிறது. வெயிலில் எடுத்தால், 23 ஃபிரேமுக்குள் சிலாகை 23 பாகைக்கு மேல் திரும்புவதால் நிழலும் திரும்புகிறது. அப்பாவின் எட்டு முழ வேட்டியை மேலே பந்தலாகக் கட்டினேன், நிழல் கரைந்துவிட்டது. சோளகக் காற்று எழும்ப முன்பு, காலையில் எடுத்து முடிக்கவேண்டும். பத்து மணிக்குப் பிறகு வேட்டி பாய்மரமாகிறது.

அடுத்தது அந்தப் பெண் நடக்கும் காட்சி. வளையத்தின் தரை வினாடிக்கு 8.6 மீட்டர் போகிறது. அவள் 1.4 மீட்டர் வேகத்தில் சுற்றும் திசையில் நடந்தால் ஈர்ப்பு 3.7இலிருந்து 5.0 ஆகும். திரும்பி நடந்தால் 2.6. ஒரே நடைபாதையில் போகும்போது கால் கனக்கும், வரும்போது மிதக்கும். நடிக்கும் என் மருமகள் முதுகில் அரிசி மூட்டையைச் சுமந்து பழகுகிறாள், போகும் நடை இப்போதே நன்றாக வந்திருக்கிறது. வரும் நடைக்குக் கயிறும் கப்பியும் வேண்டும். மாமரக் கிளை தாங்குமா என்று பார்க்கவேண்டும். வெறுந்தேநீர் ஊற்றும் காட்சிக்கும் இதே சிலாகைதான், காந்தத்துக்குப் பதில் சேலைன் குழாய்.

அதற்கு முன்னால் பொம்மையின் நடைபாதைத் தரைக்கு நிறம் பூசவேண்டும், பாதி அப்படியே கிடக்கிறது. உண்மையான மாம்பழம் கையை விட்டுப் பிரியும் குளோசப்பும் பாக்கி. மரத்தில் கறுத்தக்கொழும்பான் நாலு காய்தான் மிச்சம். அணில் தொடாமலிருக்க நாலுக்கும் துணிப்பை கட்டியிருக்கிறேன்.